ஸ்போடெக்கில் ஐவர்

கட்டோவிட்சே ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே கால் மணி நேரம் நடந்தால் போதும். டிராம் தண்டவாளங்கள் நடுவே ஓடும் ரினெக் சதுக்கத்தைக் கடந்து, கொர்ஃபான்டி சாலையில் போக வேண்டும். எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே கட்டடத்தில் அடைந்திருக்கும் சூப்பர்யெட்னோஸ்த்கா குடியிருப்பைத் தாண்டியதும் ஒரு பெரிய ரவுண்டானா வரும். அதற்கு அப்பால் கான்கிரீட்டில் கட்டிய பறக்கும் தட்டு ஒன்று தரையிறங்கி நிற்கிறது. அதுதான் ஸ்போடெக். போலிஷ் மொழியில் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டுக்கு இந்தப் பெயர். அரங்கைப் பார்த்தவர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

தென் போலந்தின் நிலக்கரி நகரம் ஒன்றுக்குச் சுற்றுலா போகிறவர்கள் குறைவு. எல்லோரும் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கிராக்கூஃப்போடு நின்றுவிடுகிறார்கள். நான் கட்டோவிட்சே போனதற்குக் காரணம் 2014 மார்ச் 16 அன்று இந்த அரங்குக்குள் நடந்த ஓர் ஆட்டம். கவுன்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் மேஜர் எனப்படும் மிக உயர்ந்த பட்டத்துக்கான இறுதிப் போட்டி அது. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், விர்டஸ் ப்ரோ அணியின் ஐந்து போலிஷ் வீரர்கள் ஸ்வீடனின் நின்ஜாஸ் இன் பைஜாமாஸ் அணியை வென்றார்கள். நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இதே விளையாட்டை ஆடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தொழில்முறை மின்விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அணி எது என்று கேட்டால் இந்த ஐவரைத்தான் சொல்வேன். அவர்கள் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

போன சமயத்தில் அரங்கில் போட்டி எதுவும் இல்லை. குளிர்காலத்தின் கடைசிப் பகுதி. நடைபாதை ஓரத்தில் பாதி உருகிய பனி, காற்றில் லேசான கரிப்புகை வாடை. அரங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். கிட்டே போகப் போகத்தான் அதன் வடிவம் பிடிபடுகிறது. அது நேராக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மாச்சேய் கின்டோவ்ட், மாச்சேய் கிராஷின்ஸ்கி என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. கூரையைத் தாங்கும் கட்டமைப்பு வாட்ஸ்வாஃப் ஜலெவ்ஸ்கி என்ற பொறியாளருடையது. சுரங்கக் கழிவு கொட்டிக் கிடந்த நிலத்தில் 1964-இல் வேலை தொடங்கி 1971-இல் திறந்தார்கள். உள்ளே பதினோராயிரம் பேர் வரை உட்காரலாம். நடுவில் தூண் கிடையாது. ஆடுகளத்தைச் சுற்றிலும் இருக்கைகள் சரிந்து இறங்குகின்றன. கத்தினால் சத்தம் கூரையில் முட்டி ஆடுகிறவன் தலையிலேயே விழும்.

இந்த அரங்குக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 1976 பிப்ரவரியில் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் சோவியத் ஐஸ் ஹாக்கி அணி போலந்தை 16-1 என்று நசுக்கியது. இரண்டே மாதம் கழித்து, ஏப்ரல் 8 அன்று, உலகச் சாம்பியன் பட்டப் போட்டி ஸ்போடெக்கில் நடந்தபோது அதே சோவியத் அணியைப் போலந்து 6-4 என்று தோற்கடித்தது. வியெஸ்வாஃப் யோப்சிக் மூன்று கோல் அடித்தார். இத்தனைக்கும் அந்தத் தொடரின் முடிவில் போலந்து அடுத்த நிலைப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அது யாருக்கும் நினைவில்லை, அந்த ஒரு மாலை மட்டும் நினைவில் நிற்கிறது. 2014 செப்டம்பரில் இதே அரங்கில் பிரேசிலை வீழ்த்திப் போலந்து ஆண்கள் கைப்பந்து உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றது. இந்த இரண்டுக்கும் இணையாகத்தான் 2014 மார்ச் மாத ஆட்டத்தையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கணினி விளையாட்டை விளையாட்டுகளோடு சேர்த்துப் பேசத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களிலும் அரங்கில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் வித்தியாசம் இருந்திருக்காது.

ஐவரின் கதை ஸ்போடெக்குக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியில் தொடங்குகிறது. 2006-இல் வேர்ல்டு சைபர் கேம்ஸ் இறுதிச் சுற்று, கார் பந்தயத்துக்குப் பெயர் போன மோன்சா மைதானத்தில் நடந்தது. அதில் பென்டாகிராம் என்ற பெயரில் வந்த போலிஷ் இளைஞர்கள் ஐந்து பேர் கவுன்டர் ஸ்டிரைக் 1.6-இல் உலகப் பட்டம் வென்றார்கள். நியோ என்று அழைக்கப்பட்ட ஃபிலிப் குப்ஸ்கிக்கு அப்போது 19 வயது. டாஸ் என்ற விக்டர் வொய்தாஸுக்கு 20. மற்ற மூவர் லுக், குபென், லோர்ட். போலந்தில் இவர்களுக்குத் தங்க ஐவர் என்று பெயர் விழுந்தது. 2009-இல் சீனாவின் செங்டுவில் மீண்டும் அதே பட்டம். 2011-இல் தென்கொரியாவின் பூசானில் மூன்றாம் முறை.

பட்டங்களை எண்ணிக்கொண்டே போனால் இந்த அணியின் சங்கடம் தெரியாமல் போய்விடும். பெயர்களைப் பாருங்கள்: பென்டாகிராம், மீட் யுவர் மேக்கர்ஸ், அகெய்ன், ஃப்ராக் எக்ஸிக்யூட்டர்ஸ், இ.எஸ்.சி. கேமிங், யுனிவர்சல் சோல்ஜர்ஸ். ஆள் அதேதான், சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அன்றைக்கு இந்தத் தொழிலில் நிலையான சம்பளம் என்று ஒன்று இல்லை. ஒரு கிளப் பணம் போடும், சில காலம் கழித்து மூடிவிடும். பிறகு வீரர்கள் அடுத்த கிளப்பைத் தேட வேண்டும். இப்படி அலைந்தும் ஐவர் பிரியவில்லை. ஒரு கட்டத்தில் லுக் விலக, அந்த இடத்துக்கு யாரொஸ்வாஃப் யஜொம்ப்கோவ்ஸ்கி வந்தார். உடற்பயிற்சியில் வெறியுள்ள, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மனிதர். ஆட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயரே பாஷாபைசெப்ஸ்.

2012 ஆகஸ்டில் விளையாட்டின் புதிய பதிப்பான குளோபல் அஃபென்சிவ் வந்தது. பழைய 1.6-இல் பத்தாண்டு தேய்த்துத் தேய்த்துக் கற்ற கைப்பழக்கம் பாதி செல்லாக்காசாயிற்று. துப்பாக்கி உதறும் விதம் வேறு, ஓடும் வேகம் வேறு, புகைக்குண்டு பரவும் விதம் வேறு. புதிய பதிப்பில் முதலில் தேறியவர்கள் ஸ்வீடன்காரர்கள். நின்ஜாஸ் இன் பைஜாமாஸ் நேரடிப் போட்டிகளில் தொடர்ந்து 87 மேப்களை, அதாவது ஆட்டக் களங்களை, தோற்காமல் வென்றது. அந்தச் சாதனைக்குப் பக்கத்தில் யாரும் போக முடியவில்லை. போலந்துக்காரர்கள் தடுமாறினார்கள். 2013-இல் குபெனும் லோர்டும் இடம் விட்டார்கள். அந்த இடங்களுக்கு வந்தவர்கள் ஸ்னாக்ஸ் என்ற யானுஷ் பொகோஜெல்ஸ்கி, பயாலி என்ற பாவெவ் பியெலின்ஸ்கி. நியோ, டாஸ், பாஷா, ஸ்னாக்ஸ், பயாலி என்ற ஐவர் உருவானது அப்போதுதான். குபெனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடுகளத்தில் இடம் போன பிறகும் அவர் விலகிப் போகவில்லை. பின்னாளில் தன் இடத்தில் ஆடிய பிள்ளைகளுக்கே பயிற்சியாளராக வந்து பின்னால் நின்றார். இந்த அணி எப்படிப்பட்டது என்று யாருக்காவது விளக்க வேண்டுமானால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

2014 ஜனவரியில் விர்டஸ் ப்ரோ இவர்களை எடுத்துக்கொண்டது. அது 2003-இல் தொடங்கிய ரஷ்ய கிளப். கரடி முகம் சின்னம். ஐந்து போலிஷ் வீரர்கள் ரஷ்யக் கரடியை நெஞ்சில் அணிந்துகொண்டு தங்கள் நாட்டு அரங்கில் ஆடி வென்ற நாள் மார்ச் 16. அதே ஞாயிற்றுக்கிழமைதான் ரஷ்யப் படைகளின் நிழலில் கிரீமியாவில் வாக்கெடுப்பு நடந்தது. அரங்கில் இருந்தவர்கள் அன்று இரண்டையும் சேர்த்து நினைத்தார்களோ என்னவோ, எனக்கு இன்று சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022-இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தபின் போட்டி அமைப்பாளர்கள் ரஷ்யத் தொடர்புள்ள கிளப்புகளின் பெயருக்குத் தடை விதித்தார்கள். விர்டஸ் ப்ரோவின் அப்போதைய வீரர்கள் அவுட்சைடர்ஸ் என்ற பொதுப் பெயரில் ஆடி, அந்த ஆண்டு நவம்பரில் ரியோவில் மேஜர் பட்டம் வென்றார்கள். அவர்களில் போலந்துக்காரர் யாரும் இல்லை. கிளப் ஒன்று, அணி வேறு.

மறுநாள் பஸ் பிடித்து நிகிஷோவியெட்ஸ் போனேன். நகரத்தின் தென்கிழக்கில் இருக்கும் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. எமில் ஜில்மன், கியோர்க் ஜில்மன் என்ற இருவர் வடிவமைத்து 1908-இல் கட்டத் தொடங்கியது. மூன்று மாடிச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே முற்றம் விட்டு, மொத்தம் ஒன்பது தொகுதிகள். ஜன்னல் சட்டங்களைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வண்ணம் பூசியிருக்கிறார்கள். தெருவின் முடிவில் புனித அன்னம்மாள் ஆலயம். இந்த மக்கள் வேலை பார்த்த வியெச்சோரெக் சுரங்கம் 2018-இல் மூடப்பட்டது. ஸ்போடெக்குக்குப் பக்கத்தில் இருந்த கட்டோவிட்சே சுரங்கம் 1999-லேயே மூடப்பட்டு, அந்த இடத்தில் சிலேசிய அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் பழைய இரும்புக் கோபுரம் இப்போது ஊரைப் பார்க்கும் மேடை. அருங்காட்சியகத்தின் கூடங்கள் தரைக்கு அடியில் இருக்கின்றன. மேலே கண்ணாடிப் பெட்டிகள் மட்டும் தெரிகின்றன. அவற்றின் வழியாக வெளிச்சம் கீழே இறங்குகிறது.

சுரங்கத்தையும் இந்த அணியையும் முடிச்சுப் போட்டு எழுதிவிடுவது எளிது. கரி வெட்டியவர்களின் பேரன்கள் கணினியில் வென்றார்கள் என்று அழகாகச் சொல்லிவிடலாம். அது உண்மையல்ல. டாஸ் வார்சாவில் பிறந்தவர், நியோ பொஸ்னானில். கட்டோவிட்சே அவர்களைப் பெற்ற ஊர் அல்ல, அவர்களுக்காகக் கத்திய ஊர். சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த ஒரு நகரம், இனி எதை வைத்துப் பெயர் எடுப்பது என்று தேடிய காலத்தில் 2013 ஜனவரியில் இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ் போட்டியை ஸ்போடெக்குக்குக் கொண்டுவந்தது. குளிரில் அரங்கைச் சுற்றி வரிசை நீண்டது. அடுத்த ஆண்டு மேஜர் வந்தது. 2017-இல் இரண்டு வார இறுதிகளில் 1,73,000 பேர் வந்து போனதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். நகரத்தின் மக்கள்தொகையே மூன்று லட்சத்துக்குக் கீழ்தான்.

நிகிஷோவியெட்ஸின் ஒரு முற்றத்தை ஒட்டிய சிறு காபிக் கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். நடுவில் குழி விட்ட உருளைக்கிழங்கு உருண்டைகள், சுருட்டிய மாட்டிறைச்சி, சிவப்பு முட்டைக்கோஸ். சிலேசியர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. உருண்டையின் குழி குழம்பு தங்குவதற்காம். கடையை நடத்துகிறவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கிருந்து வருகிறேன், இந்த ஊருக்கு எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். காரணத்தைச் சொன்னதும் கல்லாவை உதவிக்கிருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

“நீங்கள் இந்தியாவிலிருந்து நியோவுக்காகவா வந்தீர்கள்?” என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

2014-இல் அவர் மாணவர். அந்த இறுதிப் போட்டியை அரங்கின் மேல் வரிசையில் நின்றுகொண்டே பார்த்ததாகச் சொன்னார். தன் லேப்டாப்பை எடுத்து வந்து ஆட்டத்தின் பதிவைப் போட்டார். வேலைக்கு நடுவே, வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போய்விட்டு, மீண்டும் வந்து உட்கார்ந்து காட்டினார்.

விளையாட்டின் கணக்கு எளிமையானது. ஐந்துக்கு ஐந்து. ஒரு தரப்பு வெடிகுண்டு வைக்க வேண்டும், மறுதரப்பு தடுக்க வேண்டும். செத்தவன் அந்த ரவுண்டு முடியும் வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அன்றைய விதிப்படி முதலில் 16 ரவுண்டு எடுத்தவர்களுக்கு மேப் சொந்தம். பணம்தான் இதில் சூட்சுமம். ஜெயித்தால் கைக்கு நிறையப் பணம் வரும், அடுத்த ரவுண்டில் நல்ல துப்பாக்கியும் கவசமும் வாங்கலாம். தொடர்ந்து தோற்றால் வெறும் கைத்துப்பாக்கியோடு நிற்க நேரும். எந்த ரவுண்டை விட்டுக்கொடுத்துப் பணம் சேர்ப்பது, எந்த ரவுண்டில் இருப்பதையெல்லாம் கொட்டுவது என்ற முடிவை ஐந்து பேரும் சில நொடிகளில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் வாங்கி நால்வர் வாங்காமல் போனால் ஐவருக்கும் நஷ்டம். பல ஆண்டு ஒன்றாக இருந்தவர்களுக்கு இங்கேதான் அனுகூலம். பேசி முடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருப்பதில்லை.

கடைக்காரர் எனக்குக் காட்ட விரும்பியது ஸ்னாக்ஸை. “அவர் எங்கே இல்லை என்று பாருங்கள்” என்றார். நான் திரையின் மூலையில் இருந்த சிறு வரைபடத்தைப் பார்த்தேன். நான்கு புள்ளிகள் ஒன்றாகக் கூடி ஒரு பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. ஐந்தாவது புள்ளி தனியாக, மிக மெதுவாக, எதிரணியின் முதுகுப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த விளையாட்டில் ஓடினால் காலடிச் சத்தம் எதிராளிக்குக் கேட்கும், நடந்தால் கேட்காது. ஆனால் நடந்தால் நேரம் போய்விடும். ரவுண்டின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக நடப்பதற்குத் துணிச்சல் வேண்டும், முன்னால் நிற்கும் நால்வரும் அதுவரை தாக்குப்பிடிப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். எல்லோரும் சுற்றிப் போகும் புகை மண்டலத்துக்குள் ஸ்னாக்ஸ் நேராகப் புகுவார். மறுபக்கம் வெளியே வரும்போது எதிரிகள் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அப்போது இருபது வயது. அணியில் அவருக்கும் பயாலிக்கும்தான் வயது குறைவு.

மிராஜ் மேப்பை 16-9 என்றும், இன்ஃபெர்னோ மேப்பை 16-10 என்றும் எடுத்தார்கள். இரண்டே மேப்பில் முடிந்தது. பரிசு ஒரு லட்சம் டாலர். நியோவும் டாஸும் அதற்கு முன் வென்ற உலகப் பட்டங்கள் எல்லாம் வெளிநாட்டு மண்ணில், போலந்தில் பலர் கேள்விப்படாமலே நடந்தவை. இது சொந்த மண். கடைக்காரர் ஆட்டத்தின் கடைசி ரவுண்டைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை போட்டுக் காட்டினார். அதில் நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தப் போட்டிக்காக விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அணிகளின் சின்னங்களை மின் ஸ்டிக்கர்களாக விற்றது. துப்பாக்கியின் மேல் ஒட்டிக்கொள்ளும் வெறும் எண்மப் படம். கட்டோவிட்சே 2014 ஸ்டிக்கர்களில் அரிதானவை இன்று பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. விளையாடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் போலந்தை வரைபடத்தில் காட்டத் தெரியாவிட்டாலும் கட்டோவிட்சே என்ற பெயர் தெரியும். ஒரு ஊர்ப் பெயர் இப்படியும் உலகம் சுற்றலாம்.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அந்த ஐவரில் ஒருவர்கூட மாறவில்லை. மின்விளையாட்டைத் தொடர்கிறவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். இரண்டு போட்டி தோற்றால் ஒருவரை மாற்றுவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அணியைக் கலைத்துப் போடுவது என்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். விர்டஸ் ப்ரோ தோற்றபோதும் அதே ஐவர், ஜெயித்தபோதும் அதே ஐவர். சூடு பிடித்துவிட்டால் யார் எதிரில் நின்றாலும் உழுதுபோட்டுப் போவார்கள் என்பதால் ரசிகர்கள் அணியின் பெயரோடு ஏரைச் சேர்த்துச் செல்லப்பெயர் வைத்தார்கள். 2016 ஜூலையில் அட்லாண்டாவில் எலீக் முதல் பருவத்தை ஃப்னாட்டிக் அணியை வென்று கைப்பற்றினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான தொடர் அது. 2017 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் டிரீம்ஹாக் மாஸ்டர்ஸ் பட்டம்.

அந்த இரண்டுக்கும் நடுவே, 2017 ஜனவரியில், இரண்டாவது மேஜர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸோடு இறுதிப் போட்டி. நியூக் மேப் போலந்துக்கு. ஓவர்பாஸ் 16-14 என்று டென்மார்க்குக்கு. மூன்றாவது மேப்பான டிரெயினும் 16-14 என்று டென்மார்க்குக்கே போயிற்று. நான் அந்த இரவு அந்த ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தவன். ஆளுக்கு ஓரிரு ரவுண்டுகளின் வித்தியாசத்தில் ஒரு அணியின் வரலாறு எப்படி வேறு மாதிரி எழுதப்பட்டுவிடுகிறது என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அஸ்ட்ராலிஸுக்கு அது முதல் மேஜர், அடுத்தடுத்துப் பல வந்தன. விர்டஸ் ப்ரோவின் ஐவருக்கு இன்னொரு மேஜர் இறுதிப் போட்டி வாய்க்கவில்லை.

கட்டோவிட்சேயிலிருந்து கிராக்கூஃப் திரும்பியதும் நான் முதலில் போனது பழைய நகரத்துக்கல்ல, டவுரான் அரீனாவுக்கு. ஸ்போடெக்கைவிடப் பெரியது, புதியது, இரவில் வெளிச்சுவர் முழுக்க விளக்குத் திரையாக ஒளிரும். 2017 ஜூலையில் மேஜர் போட்டி இங்கே நடந்தது. மறுபடியும் சொந்த மண். கால் இறுதியில் நார்த் அணியை வென்று விர்டஸ் ப்ரோ அரை இறுதிக்கு வந்தபோது, 2014 திரும்பி வருகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிரேசில் வீரர்கள் ஆடிய இம்மார்ட்டல்ஸ் அணியிடம் அரை இறுதியில் தோற்றார்கள். பட்டம் கேம்பிட் அணிக்குப் போயிற்று.

ஏன் தோற்றார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எந்தக் குணம் அவர்களை உயர்த்தியதோ அதுதான் அவர்களைப் பிடித்து நிறுத்தியது. மற்ற அணிகள் எதிராளியின் பதிவுகளை உட்கார்ந்து அலசி, குண்டு எறியும் இடத்தை அங்குலக் கணக்கில் பழகி, மனநல ஆலோசகரைக்கூட வைத்துக்கொண்டு முன்னேறிய காலம் அது. அஸ்ட்ராலிஸ்தான் அதில் முன்னோடி. ஒருவரையொருவர் கண்ணை மூடிக்கொண்டு அறிந்த ஐந்து பேருக்கு, புதிதாக ஒன்றைக் கற்கும் பசி குறைந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு ஆளாவது வந்திருந்தால் அந்தப் பசி வந்திருக்கலாம். ஆனால் ஒருவரை வெளியே அனுப்பும் முடிவை அவர்களில் யார் எடுப்பது? அந்த முடிவை எடுக்க மறுத்ததற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2017 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எபிசென்டர் இறுதிப் போட்டி. உலகின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருந்த, பிரேசில் வீரர்கள் ஆடிய எஸ்.கே. கேமிங்கை எதிர்த்து ஐந்து மேப் வரை இழுத்து 3-2 என்று தோற்றார்கள். அந்த ஐவரின் கடைசிப் பெரிய ஆட்டம் அதுதான். 2018 பிப்ரவரியில் டாஸ் அணியிலிருந்து இறக்கப்பட்டார். ஸ்னாக்ஸ் ஜெர்மனியின் மவுஸ்ஸ்போர்ட்ஸுக்குப் போனார். பிறகு பயாலி. டிசம்பரில் கிளப் போலிஷ் அணியையே நிறுத்தி வைத்தது. பத்து மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

டவுரான் அரீனாவின் படிகளில் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்த பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். கட்டோவிட்சேயில் நடந்துவந்த பெரும் போட்டி 2025-ஓடு ஸ்போடெக்கை விட்டு கிராக்கூஃப்புக்கு மாறியது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதில் அவர்களுக்குச் சந்தோஷமும்கூட. பாஷாவை நேரலை ஒளிபரப்பில் பார்ப்பார்களாம். நியோவைத் தெரியுமா என்றேன். “ஃபேஸ் அணியின் பயிற்சியாளர்” என்றான் ஒருவன். அவன் அறிந்த நியோ அணிக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் தாடிக்காரர் மட்டும்தான். 2023-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர், மறுவருடமே கோபன்ஹேகன் மேஜரில் ஃபேஸை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். மோன்சாவைப் பற்றி நான் சொன்னபோது அந்தப் பையன் ஸ்கேட்போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பிறப்பதற்கு முன் நடந்த போட்டி அது.

டாஸ் 2024-இல் ஜி2 அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டின் நடுவில் அணிக்கு ஒரு புதிய தலைவர் தேவைப்பட்டார். ஜி2 எடுத்தது ஸ்னாக்ஸை. அவருக்கு அப்போது 31 வயது. பல ஆண்டுகளாக உலகின் முதல் வரிசை அணி எதிலும் அவர் பெயர் இல்லை. இருபது வயதுக்காரர்கள் ஆளும் விளையாட்டில் அவரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சிங்கப்பூரில் நடந்த பிளாஸ்ட் உலக இறுதிப் போட்டியை ஜி2 வென்றது. மேடையில் கோப்பைக்குப் பக்கத்தில் டாஸும் ஸ்னாக்ஸும் இருந்தார்கள். அந்தப் படத்தைக் கைபேசியில் அந்தப் பையனிடம் காட்டி, இந்த இரண்டு பேரும் பத்து வருடத்துக்கு முன் இங்கிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.